ஐந்து குடும்பங்கள், ஒரே வம்சம்: நுரையீரல் ரத்த அழுத்தமும் செல்களுக்கிடையே அறுந்த பேச்சும்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் சுமார் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001-ல் வெளியிட்ட ஒரு நிகழ்வு இது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை, இங்கேயும் தேவையில்லை. நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறும் நோயை மருத்துவ உலகம் புரிந்துகொண்ட விதத்தையே மாற்றிய நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. அதனால்தான் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

பின்னணி

இதயத்தின் வலது பக்கம் ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அந்தப் பாதையில் அழுத்தம் மிகக் குறைவு. ஓய்வில் சராசரியாக 14 மில்லிமீட்டர் பாதரசம் அளவுதான். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கையில் 120/80 என்று அழகாகக் காட்டும் ஒருவருக்கு நுரையீரலில் அழுத்தம் அங்கே இருக்க வேண்டியதைவிட நான்கு மடங்காக இருக்கலாம். இதயத்துக்குள் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி அளந்தால்தான் அது உறுதியாகும்.

வேறு எந்தக் காரணமும் தெரியாமல் இந்த அழுத்தம் ஏறுவதை 1951-ல் டேவிட் டிரெஸ்டேல் குழுவினர் தனி நோயாக விவரித்தார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1981 முதல் 1985 வரை நடத்திய பதிவேட்டில் 187 நோயாளிகள் சேர்ந்தார்கள். அவர்களின் சராசரி அழுத்தம் 60. மூச்சு வாங்கத் தொடங்கியதிலிருந்து நோய் இன்னதென்று தெரியவரச் சராசரியாக 2 ஆண்டுகள் ஓடியிருந்தன. கண்டுபிடித்த பிறகு பாதிப் பேர் 2.8 ஆண்டுகளுக்குள் இறந்தார்கள். பெரும்பாலும் இள வயதினர், ஆண்களைவிடப் பெண்களே அதிகம்.

அதே பதிவேட்டில் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இந்த நோய் இருந்ததாகத் தெரிந்தவர்கள் 6 சதவீதம்தான். மீதிப் பேருக்குத் தற்செயலாக வந்தது என்று எழுதப்பட்டது. இந்த 6 சதவீதம் சரியான கணக்குதானா என்ற சந்தேகத்திலிருந்துதான் நிகழ்வு தொடங்குகிறது.

எடுத்த முடிவு

ஜான் நியூமன், ஜேம்ஸ் லாய்ட் உள்ளிட்ட வாண்டர்பில்ட் மருத்துவர்கள் நோயாளியோடு நிறுத்தாமல் அவருடைய குடும்பத்தையும் பதிவு செய்ய முடிவெடுத்தார்கள். காரணம் எளிது. நோய்க்கான மரபணுவைச் சுமப்பவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்குத்தான் நோய் வெளிப்படும் என்று அப்போது கணிக்கப்பட்டிருந்தது. அப்படியானால் பாட்டிக்கு வந்து, அம்மாவைத் தொடாமல், பேத்திக்கு வரலாம். பேத்தியைப் பார்க்கும் மருத்துவர் “வீட்டில் யாருக்காவது இருக்கிறதா?” என்று கேட்டால், அவளுக்குத் தெரிந்தவரை யாருக்கும் இல்லை. தாளில் “குடும்ப வரலாறு இல்லை” என்று ஏறிவிடும்.

ஆகவே வாயால் சொன்னதை மட்டும் நம்பாமல் மருத்துவப் பதிவுகளைத் தேடி எடுத்தார்கள். இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனை திசுக்களைப் பார்த்தார்கள். உயிரோடு இருந்தவர்களை நேரில் சோதித்தார்கள். இப்படி 67 குடும்பங்களின் பதிவேடு உருவானது. மருந்து கண்டுபிடிக்கும் வேலைபோல இது வெளியில் தெரியாது. யாரும் பாராட்டவும் மாட்டார்கள். ஆனால் பின்னால் வந்த அறிவியல் முழுவதும் இந்தக் குடும்ப மரங்களின் மேல்தான் நிற்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கண்டது

தனித்தனியாகப் பதிவாகியிருந்த ஐந்து குடும்பங்களின் மரங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தபோது, ஐந்தும் ஒரே அடிமரத்தின் கிளைகள் என்று தெரிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த ஒரு தம்பதியிலிருந்து ஏழு தலைமுறைகள், தெரிந்தவரை 394 பேர்.

அந்த 394 பேரில் 18 பேருக்கு இந்த நோய் உறுதியானது. இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். 18 பேரில் 12 பேருக்கு முதலில் எழுதப்பட்டது, குடும்பத் தொடர்பில்லாமல் தானாக வந்த நோய் என்று. 7 பேருக்கு ஆரம்பத்தில் இந்த நோய் என்றே தெரியவில்லை. வேறு இதய நோய், வேறு நுரையீரல் நோய் என்று சொல்லப்பட்டிருந்தது. ஏழு தலைமுறையாக ஒரு வம்சத்தில் ஓடிய நோயை ஒவ்வொரு மருத்துவரும் தன் முன்னால் உட்கார்ந்த ஒருவருடைய தனி துரதிர்ஷ்டமாகப் பார்த்திருக்கிறார்கள்.

யாரும் அலட்சியமாக இருந்ததாக அறிக்கை குறை சொல்லவில்லை. மரபணு இருந்தும் நோய் வராதவர்கள் அதிகம், நடுவில் தலைமுறைகள் தாண்டிப் போகின்றன, குடும்ப மரங்கள் அரைகுறையாக இருக்கின்றன என்ற மூன்று காரணங்களைத்தான் சொல்கிறது.

ஒரே ஒரு எழுத்து

இந்தக் குடும்பப் பதிவுகள் இல்லாமல் மரபணுவைத் தேடியிருக்கவே முடியாது. 1997-ல் இரண்டாவது குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு பகுதி வரை தேடல் நெருங்கியது. 2000-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக பி.எம்.பி.ஆர்.2 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தன. அடுத்து நம் வம்சத்தினரிடம் அதைத் தேடினார்கள். நோய் வந்தவர்களில் சோதிக்கப்பட்ட 6 பேரிடமும் ஒரே மாற்றம் இருந்தது. நோய் இல்லாமல், ஆனால் மரபணு இருக்க வாய்ப்புள்ள 10 பேரைச் சோதித்ததில் 6 பேரிடம் அதே மாற்றம்.

அந்த மாற்றம் இதுதான்: மரபணுவின் மூன்றாவது எக்ஸானில் (புரதத்துக்கான குறிப்பு எழுதப்பட்ட துண்டு), 354-வது இடத்தில், தைமின் என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் குவானின் என்ற எழுத்து. டி.என்.ஏ. மொழியில் மூன்று எழுத்து சேர்ந்து, புரதச் சங்கிலியின் ஒரு கண்ணியான அமினோ அமிலத்தைக் குறிக்கும். எனவே 354-வது எழுத்து 118-வது அமினோ அமிலத்தின் கடைசி எழுத்து. அங்கே வர வேண்டியது சிஸ்டீன், வந்தது டிரிப்டோஃபான்.

சிஸ்டீனில் கந்தகம் உண்டு. இரண்டு சிஸ்டீன்களின் கந்தகங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, புரதச் சங்கிலியை அதற்குரிய வடிவத்தில் மடித்துப் பிடித்து வைக்கின்றன. டிரிப்டோஃபான் பெரிய, பருமனான மூலக்கூறு. அதனால் அந்தப் பிணைப்பைப் போட முடியாது. மடிப்பு கலைந்த புரதத்தை செல் வெளியே அனுப்புவதில்லை. தரம் சரியில்லாத சரக்கைத் தொழிற்சாலைக்குள்ளேயே நிறுத்தி வைப்பதுபோல, எண்டோபிளாச வலை என்ற உள்ளறையிலேயே தேக்கி வைத்துவிடுகிறது. இந்த மாற்றத்தைச் சோதனைச்சாலையில் செல்களுக்குள் வைத்துப் பார்த்தவர்கள் 2008-ல் இதைத்தான் காட்டினார்கள்.

உள்ளேயே மாட்டிக்கொண்ட இந்தப் புரதம் ஓர் ஏற்பி. செல்லின் மேல்பரப்பில் நின்று, வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கி உள்ளே அனுப்புவது அதன் வேலை. அதாவது இந்த வம்சத்தினர் பரம்பரையாகப் பெற்றது, செல்லின் கேட்கும் திறனில் ஒரு குறை.

செல்கள் என்ன பேசிக்கொள்கின்றன

நுரையீரலின் சின்னத் தமனி ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், ரத்தம் தொடும் உட்பக்கத்தில் ஒற்றை வரிசையாக எண்டோதீலியம் என்ற உட்படலச் செல்கள். அதைச் சுற்றி எலாஸ்டின் இழைகளாலான மெல்லிய சுவர். அதற்கு வெளியே மென்தசைச் செல்கள். இந்த மென்தசை சுருங்கினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும். ஆனால் எப்போது சுருங்க வேண்டும், எப்போது தளர வேண்டும், முக்கியமாக எப்போது பெருகாமல் சும்மா இருக்க வேண்டும் என்பதைப் பெருமளவு சொல்வது உட்படலச் செல்கள்தான்.

இந்தப் பேச்சுக்கு மூன்று சேதிகள் முக்கியம். நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உட்படலத்திலிருந்து பரவி மென்தசையைத் தளர்த்துகிறது. புரோஸ்டாசைக்ளின் வேறு வழியில் அதையே செய்கிறது. ரத்தம் உறைவதையும் தடுக்கிறது. 1988-ல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட எண்டோதீலின் இதற்கு நேர்மாறு: தசையைச் சுருக்கும், பெருகவும் தூண்டும். நோயாளிகளிடம் முதல் இரண்டும் குறைந்து மூன்றாவது ஏறியிருப்பது 1990-களில் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. இதில் புரோஸ்டாசைக்ளின் சமநிலை கெட்டிருப்பதை 1992-ல் நோயாளிகளின் சிறுநீரை வைத்துக் காட்டியவர்களில் அதே வாண்டர்பில்ட் மருத்துவர்களும் உண்டு.

வெளியே விடும் ரசாயனம் மட்டும் இல்லை. நடுவில் இருக்கும் எலாஸ்டின் சுவரில் சின்னத் துளைகள் உண்டு. அவற்றின் வழியாக உட்படலச் செல்லும் மென்தசைச் செல்லும் கை நீட்டித் தொட்டுக்கொள்கின்றன. தொடும் இடத்தில் கானெக்சின் என்ற புரதத்தாலான நுண்குழாய்கள் இருக்கின்றன. அயனிகளும் சிறு மூலக்கூறுகளும் ஒரு செல்லின் உள்ளிருந்து நேரே அடுத்த செல்லின் உள்ளே போகின்றன. செல்கள் உதிர்க்கும் நுண்பைகள் வழியாகவும் சேதி போகும். மென்தசைச் செல்கள் அனுப்பும் நுண்பைகளில் இருக்கும் ஒரு சிறு ஆர்.என்.ஏ., உட்படலச் செல்களை இடம்பெயரத் தூண்டுவதாக 2015-ல் காட்டப்பட்டது. அப்படியானால் பேச்சு ஒருவழிப் பாதை இல்லை.

தூரத்திலிருந்து வரும் சேதியும் உண்டு. பி.எம்.பி.9 என்ற புரதம் கல்லீரலில் உருவாகி, ரத்தத்தில் மிதந்து நுரையீரலுக்கு வருகிறது. அதைக் கேட்கும் ஏற்பிக் கூட்டில் ஓர் அங்கம்தான் பி.எம்.பி.ஆர்.2. சேதி கிடைத்ததும் செல்லுக்குள் ஸ்மாட் 1, 5 போன்ற புரதங்கள் தூண்டப்பட்டு, “அமைதியாக இரு, ஒழுங்காக ஒட்டிக்கொண்டு இரு” என்ற உத்தரவை மரபணுக்களுக்குக் கொண்டு போகின்றன. ஆக்டிவின் போன்ற புரதங்கள் ஸ்மாட் 2, 3 வழியாகப் பெருகத் தூண்டும் எதிர் உத்தரவைத் தருகின்றன. நலமாக உள்ளவரிடம் இரண்டும் ஒரு சமநிலையில் இருக்கும்.

நம் வம்சத்தினரிடம் முதல் பக்கத்தின் குரல் பாதியாகிவிடுகிறது. சேதி கேட்காத உட்படலச் செல்கள் எளிதில் சாகின்றன. சாகாமல் தப்பியவற்றில் சில, சாகவே மறுக்கும் செல்களாக மாறிப் பெருகுகின்றன. இந்த நோயில் தமனிகளுக்குள் காணப்படும் பின்னல் போன்ற செல்கட்டிகள் சில ஒரே செல்லிலிருந்து கிளைத்தவை என்று 1998-ல் கொலராடோ ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பக்கத்துச் செல்லுக்கு என்ன ஆகிறது என்பதை 2006-ல் பிரான்சில் நடந்த ஒரு சோதனை தெளிவாக்கியது. நுரையீரல் மாற்று சிகிச்சை செய்துகொண்ட நோயாளிகளிடமிருந்து உட்படலச் செல்களை எடுத்துக் கிண்ணத்தில் வளர்த்தார்கள். பிறகு செல்களை விட்டுவிட்டு, அவை வளர்ந்த திரவத்தை மட்டும் எடுத்து மென்தசைச் செல்களின் மேல் ஊற்றினார்கள். நோயில்லாதவர்களின் செல்கள் வளர்ந்த திரவத்தைவிட இதில் மென்தசைச் செல்கள் அதிகமாகப் பெருகின. அந்தத் திரவத்தில் இருந்த முக்கியமான தூண்டுபொருள் செரட்டோனின். அதை உட்படலச் செல்களே தயாரித்திருந்தன. நோயுள்ள செல் பக்கத்தில் இல்லாதபோதும் அது விட்டுப்போன சேதி வேலை செய்கிறது. நுரையீரல் உயர் ரத்த அழுத்தம் ஒரு செல்லின் நோய் இல்லை, செல்களுக்கிடையே நிகழும் நோய் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

முடிவில் சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. குறைந்த அழுத்தத்துக்கென்றே அமைந்த வலது இதயம் திணறுகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, மயக்கம், கால் வீக்கம் எல்லாம் அதன் வெளித்தோற்றம்.

எல்லோருக்கும் ஏன் வரவில்லை

394 பேரில் 18 என்ற கணக்கு பல ஆண்டுகள் மருத்துவர்களை உறுத்தியது. ஒரே எழுத்து மாறிய இருவரில் ஒருவர் முதுமை வரை நலமாக வாழ்கிறார், இன்னொருவர் இள வயதில் இறக்கிறார். ஏன்?

ஒரு பதில், மாறாத மற்றொரு பிரதியில் இருக்கிறது. பி.எம்.பி.ஆர்.2 எல்லோருக்கும் இரண்டு பிரதிகள். பழுதில்லாத பிரதி எவ்வளவு சுறுசுறுப்பாக ஏற்பியைத் தயாரிக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு என்று வாண்டர்பில்ட் குழு 2009-ல் காட்டியது. இன்னொரு பதில் பாலினம். அவர்களுடைய பதிவேட்டிலேயே, மாற்றத்தைச் சுமக்கும் பெண்களில் சுமார் 42 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 14 சதவீதம் பேருக்கும் நோய் வருவதாக 2012-ல் கணக்கிட்டார்கள். ஈஸ்ட்ரோஜனை உடல் உடைக்கும் விதத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதற்கு அறிகுறிகள் உண்டு. மரபணு கதவைத் திறந்து வைக்கிறது. நோய் உள்ளே வர அழற்சியோ ஹார்மோனோ வேறு ஏதோ ஒன்றோ கூடச் சேர வேண்டும். ஆகவே “உங்களிடம் இந்த மரபணு இருக்கிறது” என்பதை ஒருவரிடம் தண்டனைபோலச் சொல்வது அறிவியல்படியும் தவறு, மனிதத்தன்மைப்படியும் தவறு.

அடுத்து நடந்தவை

சிகிச்சை வந்த வரிசையைப் பார்த்தால், மேலே சொன்ன சேதிகளின் வரிசை அப்படியே தெரியும். முதலில் புரோஸ்டாசைக்ளின். எப்போப்ரோஸ்டெனால் என்ற அதன் மருந்து வடிவத்தை 1996-ல் 81 நோயாளிகளிடம் 12 வாரம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பழைய சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 8 பேர் இறந்தார்கள். இந்த மருந்து பெற்றவர்களில் யாரும் இறக்கவில்லை. ஆனால் ரத்தத்தில் சில நிமிடங்களே நிலைக்கும் மருந்து அது. நெஞ்சில் குழாய் பொருத்தி, இடுப்பில் பம்பு மாட்டி, இரவும் பகலும் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் ஆபத்து. பிறகு எண்டோதீலினைத் தடுக்கும் போசென்டான் 2001-ல் வந்தது. நைட்ரிக் ஆக்சைடின் வேலையை நீட்டிக்கும் சில்டெனாஃபில் 2005-ல் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது.

இவை மூன்றும் பேச்சின் கடைசிக் கட்டத்தைத்தான் சரி செய்கின்றன. ஏற்பியின் பக்கம் கை வைத்த முதல் மருந்து சோட்டாடெர்செப்ட். ஆக்டிவினைப் பொறி வைத்துப் பிடித்து, ஸ்மாட் சமநிலையை மறுபடி நேராக்குவது அதன் நோக்கம். 323 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. 24 வாரத்தில், 6 நிமிடத்தில் நடக்கும் தூரம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 40 மீட்டர் கூடியது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. மூக்கில் ரத்தம் வருவது, ஹீமோகுளோபின் ஏறுவது போன்ற பக்கவிளைவுகள் உண்டு. முழுக் குணம் என்று சொல்ல முடியாது. ஆனால் திசை சரி.

நம் வம்சத்தின் அந்த ஒரு எழுத்து மாற்றமும் சோதனைச்சாலையில் தொடர்ந்தது. சிஸ்டீன் டிரிப்டோஃபானாகிய அதே மாற்றத்தோடு எலிகளை உருவாக்கி, 4-ஃபீனைல் பியூட்டிரேட் கொடுத்துப் பார்த்தார்கள். யூரியா சுழற்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்து இது. புரதம் சரியாக மடிய உதவுகிறது. சேதி மறுபடி உள்ளே போனது என்று 2020-ல் அறிவித்தார்கள். மனிதர்களுக்குப் பயன்படுமா என்பது தனிக் கேள்வி. ஆனாலும் தங்கள் நோய்ப் பதிவுகளைத் தந்த ஒரு குடும்பத்துக்கு அறிவியல் திருப்பிச் செய்த கைம்மாறாகவே இதைப் பார்க்கிறேன்.

மாற வேண்டியவை

“குடும்பத்தில் யாருக்கும் இல்லை” என்ற பதிலை முடிவாக எடுக்கக் கூடாது. நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. இளவயதில் திடீரென இறந்தவர் உண்டா, பிரசவத்தை ஒட்டி மூச்சுத் திணறி இறந்த பெண் உண்டா, “இதயம் வீங்கியிருக்கிறது” என்று சொல்லப்பட்டவர் உண்டா, ஆஸ்துமா மருந்துக்குக் கேட்காத மூச்சிரைப்பு யாருக்காவது இருந்ததா என்று கேட்க வேண்டும். மூன்று தலைமுறைக்காவது மரம் வரைய வேண்டும். வீட்டில் வயதான பெண் ஒருவரோடு உட்கார்ந்து வரைந்தால் இன்னும் நல்லது. உறவுகளின் மரணங்களை நினைவில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

அடுத்தது, நோய் இன்னும் வராதவர்களை என்ன செய்வது என்பது. பிரான்சில், மாற்றத்தைச் சுமக்கும் 55 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். எக்கோ பரிசோதனையில் சந்தேகம் எழாதவர்கள் எல்லோரும். ஆனால் கத்தீட்டர் சோதனையில் 2 பேருக்கு லேசான நோய் ஏற்கனவே இருந்தது. பின்தொடர்ந்த காலத்தில் இன்னும் 3 பேருக்கு வந்தது. ஆண்டுக்கு 2.3 சதவீதம் என்று 2021-ல் கணக்கிட்டார்கள், பெண்களுக்கு 3.5, ஆண்களுக்கு ஏறக்குறைய 1. ஆண்டுதோறும் சோதிப்பதற்கு இது போதுமான காரணம். நோயின் எல்லைக்கோட்டையும் 2022 ஐரோப்பிய வழிகாட்டி 25-லிருந்து 20 மில்லிமீட்டராக எழுத்தில் இறக்கிவிட்டது. சீக்கிரம் பிடிக்க முடிகிறது.

மரபணுச் சோதனையை யாருக்கும் திணிக்கவும் கூடாது. சோதனைக்கு முன்பே ஆலோசனை வேண்டும்: தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், பிள்ளைகளிடம் எப்போது சொல்லப் போகிறீர்கள், கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருக்கிறதா. நோய் ஏற்கனவே வந்த பெண்ணுக்குக் கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்பதால் கடைசிக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் மாற்றம் போய்ச்சேர வாய்ப்பு பாதிக்குப் பாதி. போகாதவர் என்று உறுதியானால் அவருக்கு ஆண்டுச் சோதனைகள் தேவையில்லை. அவருடைய பிள்ளைகளுக்கும் தேவையில்லை.